வீட்டுக் கடனுக்கு 60 நாள் நோட்டீஸ் வந்துவிட்டது, அடுத்து என்னென்ன நடக்கும்?

பவர்டேபிள்காரன், திருப்பூர்

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு நாளாகச் சரியாகத் தூக்கமில்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன். விஷயம் தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

2019-ல் நானும் அப்பாவும் சேர்ந்து ஒரு வங்கியில் 24 லட்சம் வீட்டுக் கடன் வாங்கினோம். 20 வருஷம், மாதத் தவணை 21,600. வீடு அப்பா பெயரில். கீழே நாங்கள் இருக்கிறோம், மாடியில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. எனக்குப் பத்து மெஷின் போட்ட சின்ன பவர்டேபிள் யூனிட், ஒரே ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனிக்குத்தான் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா வரியை 50 சதவீதமாக ஏற்றிய பிறகு அவர்களுக்கு ஆர்டர் நின்றது, அப்புறம் எனக்கும் நின்றது. வேலை செய்கிறவர்களுக்குச் சனிக்கிழமை சம்பளத்தைக் கொடுக்காமல் இருக்க முடியாது, அவர்கள் அதை வைத்துத்தான் அரிசி வாங்குகிறார்கள், அதனால் வீட்டுத் தவணையைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். இப்போது ஐந்து தவணை நிற்கிறது.

திங்கட்கிழமை பதிவுத் தபாலில் எனக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று என்று நோட்டீஸ் வந்தது. சர்பாசி சட்டம் பிரிவு 13(2)-ன் படி 60 நாளுக்குள் 21 லட்சத்து 40 ஆயிரம் கட்ட வேண்டும், இல்லையென்றால் சொத்தை எடுத்துக்கொள்வோம் என்று இருக்கிறது. நான் பாக்கி வைத்தது ஒரு லட்சத்து எட்டாயிரம். மொத்தத்தையும் ஏன் கேட்கிறார்கள்? 61-ம் நாள் வந்து பூட்டிவிடுவார்களா? நியூ ஜெர்சியில் இருக்கும் சித்தப்பா மகன், கோர்ட்டில் கேஸ் போட்டு ஜெயிக்காமல் வீட்டைத் தொட முடியாது, வருஷக்கணக்கில் ஆகும் என்கிறான். வங்கிக்குப் போன் செய்தால் அங்கே ஒரு பெண், "ஃபோர்குளோஷர் ஸ்டேட்மென்ட் வேணுமா சார்" என்று கேட்கிறது, எனக்குக் கை நடுங்கிவிட்டது. அப்பாவுக்கு 71 வயது. நோட்டீஸில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்னும் அவரிடம் முழுதாகச் சொல்லவில்லை.

ஓய்வுபெற்ற வங்கியாளர்

தம்பி, முதலில் பதற்றப்படாதீர்கள். 61-ம் நாள் காலையில் யாரும் வந்து சாமானைத் தூக்கித் தெருவில் வைக்க மாட்டார்கள். அதற்காக இந்த 60 நாளையும் சும்மா கழித்துவிடவும் கூடாது, ஏனென்றால் மொத்த நடவடிக்கையிலும் உங்கள் கை ஓங்கியிருப்பது இந்த 60 நாளில்தான். நான் ஒரு பொதுத்துறை வங்கியில் 31 வருஷம் இருந்தேன், கடைசி ஆறு வருஷம் வசூல் பிரிவில், இதே நோட்டீஸில் கையெழுத்துப் போடும் அங்கீகரிக்கப்பட்ட அதிகாரியாக.

அந்தப் பெண் சொன்னதை நினைத்து நடுங்க வேண்டாம். நம் ஊர் வங்கியில் ஃபோர்குளோஷர் என்றால் கடனைக் காலத்துக்கு முன்பே கட்டி முடிப்பது, அதற்கு எவ்வளவு என்று காட்டும் தாள்தான் அந்த ஸ்டேட்மென்ட். அமெரிக்காவில் அதே சொல் வீட்டைப் பறிமுதல் செய்வதைக் குறிக்கும். நீங்கள் கேட்க வேண்டியது அதை அல்ல. "இன்றைய தேதிக்கு ஓவர்டியூ எவ்வளவு, வட்டி, அபராதம், நோட்டீஸ் செலவு எல்லாம் தனித்தனியாகப் பிரித்துக் கொடுங்கள்" என்று கேளுங்கள். 2024 முதல் அபராதத்தை வட்டியாகப் போடக் கூடாது, கட்டணமாகத்தான் போடலாம், அந்தக் கட்டணத்தின் மேல் மறுபடி வட்டி ஏற்றவும் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. கணக்கை வாங்கி ஒவ்வொரு வரியாகப் பாருங்கள்.

உங்கள் தம்பி சொல்வது நியூ ஜெர்சிக்குச் சரி, அங்கே கோர்ட் வழியாகத்தான் போக வேண்டும். இங்கே 2002-க்கு முன்னால் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது, சர்பாசி சட்டம் வந்து அதை மாற்றிவிட்டது. அடமானம் வைத்த வீட்டைக் கோர்ட் தீர்ப்பு இல்லாமலேயே எடுத்து ஏலம் விட வங்கிக்கு அதிகாரம் உண்டு. வங்கி கோர்ட்டுக்குப் போவதில்லை, நீங்கள்தான் போக வேண்டும். ஜப்தி என்றால் நீதிபதி, அமீனா என்று பழைய நினைப்பிலேயே இருந்து நாளைக் கோட்டைவிட்ட குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மொத்தத் தொகையையும் கேட்பதற்குக் காரணம் நீங்கள் கையெழுத்துப் போட்ட கடன் ஒப்பந்தம்தான். தவணை தவறினால் முழுக் கடனையும் ஒரே நேரத்தில் திரும்பக் கேட்கலாம் என்று அதில் இருக்கும். ஒரு தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும், என்பிஏ என்பார்கள். அப்புறம்தான் 13(2) நோட்டீஸ் அனுப்ப முடியும். நடைமுறையில், நிலுவை முழுவதையும் கட்டிவிட்டால் கணக்கைச் சீராக்கி நடவடிக்கையை நிறுத்த வங்கிகள் பெரும்பாலும் சம்மதிக்கும், வீட்டைப் பிடித்து விற்பது அவர்களுக்கும் வேலைதான். இதில் முழுவதும் என்ற சொல் முக்கியம். முன்பெல்லாம் கொஞ்சம் கட்டினால் கிளையிலேயே கணக்கைத் தூக்கிவிடுவார்கள். 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி தெளிவாகச் சொல்லிவிட்டது, அசல், வட்டி இரண்டிலும் நிலுவை ஒரு ரூபாய்கூட இல்லாமல் கட்டினால்தான் வாராக்கடன் பழையபடி நல்ல கணக்காக மாறும். இந்த மாதம் 20,000, அடுத்த மாதம் 15,000 என்று போட்டுக்கொண்டே இருந்தால் பணமும் போகும், நடவடிக்கையும் நிற்காது.

அடுத்து, நோட்டீஸுக்குப் பதில் எழுதுங்கள். பிரிவு 13(3ஏ) அதற்காகவே இருக்கிறது. நீங்கள் ஆட்சேபணை எழுதிக் கொடுத்தால், வங்கி அதைப் பார்த்து, ஏற்காவிட்டால் ஏன் ஏற்கவில்லை என்று 15 நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்லியே ஆக வேண்டும். கிளை மேலாளருக்கு மட்டும் எழுதினால் போதாது, நோட்டீஸில் கையெழுத்துப் போட்டிருக்கும் அதிகாரிக்கே எழுதி ஒப்புகை வாங்குங்கள். என்ன காரணத்தால் தவறியது, எந்தத் தேதிக்குள் எவ்வளவு கட்டுவீர்கள், கணக்கில் எந்த வரி தப்பு, இவ்வளவுதான் வேண்டும். நான் அந்த நாற்காலியில் இருந்தபோது நூறு நோட்டீஸ் போனால் பதில் எழுதுகிறவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான், எழுதியவர்களின் கோப்பை நாங்கள் வேறு கண்ணோடுதான் பார்ப்போம்.

60 நாளில் ஒன்றும் நடக்கவில்லை என்றால் 13(4). சொத்தைச் சுவாதீனம் எடுத்ததாக, அதாவது தங்கள் வசம் எடுத்துக்கொண்டதாக, ஒரு அறிவிப்பை வாசலில் ஒட்டி, ஏழு நாளுக்குள் இரண்டு நாளிதழில், அதில் ஒன்று தமிழில், வெளியிடுவார்கள். அது காகித அளவில் எடுக்கும் சுவாதீனம், நீங்கள் வீட்டுக்குள்ளேயேதான் இருப்பீர்கள். ஆனாலும் குடும்பம் ஒடிந்துபோவது அன்றைக்குத்தான். ஒரு வீட்டில் நாங்கள் ஒட்டப் போனபோது ஒரு அம்மா வாசலில் பாதிக் கோலத்தோடு அப்படியே நின்றார், எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை, பக்கத்து வீட்டுக் கதவு திறக்கிறதா என்றுதான் திரும்பித் திரும்பிப் பார்த்தார். இந்த வேலையில் என்னால் மறக்க முடியாத முகம் அது. அப்பாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள் தம்பி. அவர் அதைச் சுவரில் ஒட்டின காகிதத்தில் படிக்க வேண்டாம்.

ஈரோடு நண்பன்

பெரியவர் சொல்வதெல்லாம் சரிதான், ஆனால் இவ்வளவு பயப்படத் தேவையில்லை. என் மச்சானுக்கு இதே மாதிரி வந்தது. சிவில் கோர்ட்டில் ஒரு வழக்கைப் போட்டு ஸ்டே வாங்குங்கள், இல்லையென்றால் வீட்டைத் தங்கைக்கு செட்டில்மென்ட் எழுதிவிடுங்கள். அடுத்த நோட்டீஸ் வந்தால் கையெழுத்துப் போட்டு வாங்காதீர்கள், வாங்காவிட்டால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது.

கோவை வழக்குரைஞர்

ஈரோடு நண்பர் நல்லெண்ணத்தோடு சொல்கிறார், ஆனால் இந்த மூன்றுமே ஆளைக் கவிழ்த்துவிடும், அதனால் மறுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சர்பாசி சட்டத்தின் 34-ம் பிரிவு சிவில் கோர்ட்டின் கையைக் கட்டி வைத்திருக்கிறது. கடன் மீட்புத் தீர்ப்பாயம், டிஆர்டி என்பார்கள், அது விசாரிக்க வேண்டிய விஷயத்தில் சிவில் கோர்ட் தடை கொடுக்க முடியாது. அங்கே வழக்குப் போட்டுக் காத்திருந்தால் இங்கே நாள் ஓடிவிடும். செட்டில்மென்ட் இன்னும் மோசம். 13(2) நோட்டீஸ் வந்த பிறகு வங்கியின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் அந்தச் சொத்தை விற்கவோ, குத்தகைக்கு விடவோ, வேறு வழியில் மாற்றவோ கூடாது என்று 13(13) சொல்கிறது, மீறினால் தண்டனைக்குரிய குற்றம். நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்பினாலும் கதவில் ஒட்டிப் பேப்பரில் போட்டால் கொடுத்ததாகவே கணக்கு, அதில் என்ன இருந்தது என்று தெரியாமல் போவது உங்களுக்குத்தான்.

டிஆர்டிக்கு எப்போது போகலாம் என்பதிலும் நிறையப் பேருக்குக் குழப்பம் இருக்கிறது. 60 நாள் நோட்டீஸை மட்டும் வைத்துக்கொண்டு போக முடியாது. 13(4)-ல் வங்கி ஒரு நடவடிக்கை எடுத்த பிறகுதான், அதாவது வாசலில் சுவாதீன அறிவிப்பு ஒட்டிய பிறகுதான், 17-ம் பிரிவில் மனு போடலாம். அதிலிருந்து 45 நாள். திருப்பூருக்குக் கோவையில் இருக்கும் டிஆர்டிதான். அங்கே எடுபடுவது வங்கி முறைப்படி செய்யவில்லை என்ற வாதம்: தொகை தப்பு, 13(3ஏ) கடிதத்துக்குப் பதிலே தரவில்லை, பேப்பரில் வெளியிடவில்லை, மதிப்பீட்டாளர் இல்லாமல் விலை வைத்தார்கள், இப்படி. கஷ்டமாக இருக்கிறது, அவகாசம் கொடுங்கள் என்று மட்டும் போனால் இடைக்காலத் தடை கிடைப்பது அரிது, கிடைத்தாலும் பெரும்பாலும் ஒரு பகுதியைக் கட்டு என்ற நிபந்தனையோடுதான் வரும். 2002 சட்டத்தில் டிஆர்டிக்குப் போவதற்கே 75 சதவீதம் கட்ட வேண்டும் என்று இருந்தது, 2004-ல் மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை அடித்துவிட்டது. ஆனால் டிஆர்டியில் தோற்றுச் சென்னையில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனால் இன்றும் 50 சதவீதம் கட்ட வேண்டும், குறைத்தாலும் 25-க்குக் கீழே குறைக்க முடியாது. ஹைகோர்ட்டில் ரிட் போடலாம் என்று யாராவது சொல்வார்கள். டிஆர்டி இருக்கும்போது ரிட்டை எடுத்துக்கொள்ளக் கூடாது என்று 2010-லேயே உச்ச நீதிமன்றம் கடுமையாகச் சொல்லியிருக்கிறது, பணமும் நாளும்தான் வீணாகும்.

ஆளை வெளியேற்றி வீட்டைப் பூட்ட வேண்டும் என்றால் வங்கி 14-ம் பிரிவில் மனுப் போட வேண்டும். சட்டத்தில் கலெக்டர் அல்லது தலைமைப் பெருநகர நீதித்துறை நடுவர் என்று இருக்கிறது. நம் மாவட்டங்களில் தலைமை நீதித்துறை நடுவரிடமும் போடுவார்கள், அது செல்லும் என்று 2019-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. 30 நாளில், காரணம் சொன்னால் 60 நாளில், உத்தரவு வர வேண்டும். வந்தபின் ஒரு வழக்குரைஞர் ஆணையர் போலீஸோடு வருவார், சாமான்களைப் பட்டியல் எடுத்துப் பூட்டி சீல் வைப்பார். இந்த உத்தரவு இல்லாமல் நாலு தடிப்பசங்கள் வந்து பூட்டு மாட்டினால் அது சட்டவிரோதம், உடனே ஸ்டேஷனில் புகார் கொடுங்கள்.

எல்லாவற்றையும்விட உங்கள் மனதில் பதிய வேண்டியது ஒன்று. ஏலம் நடக்கும் நாள் வரை பணத்தைக் கட்டி வீட்டை மீட்கலாம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். 2016-க்கு முன் அது ஓரளவு உண்மை. 2016 திருத்தத்துக்குப் பிறகு 13(8)-ன்படி ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான் அந்த உரிமை, வெளியானால் போயிற்று. 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது, ஏலம் எடுத்தவருக்குத்தான் வீடு என்று சொல்லிவிட்டது. ஏலத்துக்கு முதல் நாள் உறவுக்காரர்களிடம் எல்லாம் கடன் வாங்கிப் பையில் பணத்தோடு என் அலுவலகத்துக்கு வந்த ஒருவரை எனக்குத் தெரியும், ஏல அறிவிப்பு வெளியாவதற்கு முன்னால் வந்திருந்தால் வீடு அவருடையது. அவரை அனுப்பிவிட்டு அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை.

வக்கீல் பீஸுக்கு வழியில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வழக்குரைஞர் கிடைப்பார். பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது, வீடு பெண் பெயரில் இருப்பவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

நாமக்கல்காரி

தம்பி, நான் இந்த வழியாகப் போய் வந்தவள். எங்களுடையது லாரி. வண்டி விபத்தில் சிக்கி ஏழு மாதம் ஓடவில்லை, வீட்டை வைத்து வாங்கிய கடன் நின்றது. ஒரு நிதி நிறுவனம், பெயர் வேண்டாம். ராத்திரி ஒன்பதரைக்குப் போன் வரும், மாமனாருக்குப் போன் போடுவார்கள், சம்பந்தி வீட்டுக்கே ஒரு தடவை போட்டுவிட்டார்கள். காலை எட்டு மணிக்கு முன்னாலும் மாலை ஏழு மணிக்குப் பின்னாலும் வசூல் ஆட்கள் கூப்பிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதி இருப்பது எனக்கு அப்போது தெரியாது. நீங்கள் தேதி, நேரம், நம்பர் எல்லாம் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். முதலில் அந்த நிறுவனத்திடமே எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும், 30 நாளில் பதில் இல்லை அல்லது திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது.

எங்களால் கட்ட முடியாது என்பது சுவாதீன நோட்டீஸ் ஒட்டும்போதே தெரிந்துவிட்டது. மூன்று நாள் அழுதேன். நாலாவது நாள் நானே போய், நாங்களே விற்றுக் கொடுக்கிறோம், சம்மதக் கடிதம் கொடுங்கள் என்று கேட்டேன். எங்கள் கடன் அப்போது 27 லட்சம். அவர்களுடைய மதிப்பீட்டாளர் போட்ட விலை 31 லட்சம், வெளியே விசாரித்தால் 42 வரை போகும் என்றார்கள். ஏலத்தில் எடுக்க வருகிறவர்கள் எப்போதும் அடிமாட்டு விலைக்குத்தான் பார்ப்பார்கள், ஆள் குடியிருக்கும் வீடு, வில்லங்கம் இருக்குமோ என்ற பயம் அவர்களுக்கு. நாங்கள் விற்றது 40 லட்சத்துக்கு. வாங்கியவர் கடன் தொகைக்கு நேராகக் கடன் கணக்குக்கே டிமாண்ட் டிராஃப்ட் எடுத்தார், மீதியை எங்கள் கணக்கில் போட்டார். பதிவு நாளில் நிறுவனத்து ஆள் மூலப்பத்திரத்தோடு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்தார், முதலில் அடமானப் பதிவுக்கு ரத்து ரசீது, அப்புறம் கிரயப் பத்திரம், எல்லாம் ஒரே காலையில் முடிந்தது. அந்த மிச்சத்தில்தான் இப்போது நாங்கள் ஒத்திக்கு இருக்கும் வீடும், பையனின் படிப்பும்.

இடையில் ஒரு புரோக்கர் வருவான், "கொஞ்சம் பணம் கொடுங்க, ஏலத்தை நிறுத்தித் தரேன்" என்பான். எங்களிடம் 80,000 கேட்டான், அம்மா கொடுத்த வளையலைக் கழற்றும் வரை போய்விட்டேன், என் வீட்டுக்காரர்தான் தடுத்தார். யாருக்கும் கையில் பணம் கொடுக்காதீர்கள், கட்டுவது எல்லாம் கடன் கணக்கில் மட்டும்.

உங்களுக்கு ஐந்து தவணைதான் நிற்கிறது, வீட்டை விற்கும் நிலைமை இல்லை என்றுதான் படுகிறது. அந்த ஒரு லட்சத்துச் சொச்சத்தைப் புரட்டுங்கள் தம்பி.

பவர்டேபிள்காரன், திருப்பூர்

எல்லோருக்கும் நன்றி. நாமக்கல் அக்கா, உங்கள் பதிவை என் வீட்டுக்காரம்மாவும் படித்தாள், படித்துவிட்டு ஒன்றும் பேசவில்லை, பீரோவைத் திறந்து நகைப் பெட்டியை எடுத்து வைத்துவிட்டாள்.

இன்னும் மூன்று சந்தேகம் இருக்கிறது. காங்கேயம் பக்கம் அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் தோட்டம் உண்டு, கடனில் அது சேர்க்கப்படவில்லை, அதையும் எடுத்துவிடுவார்களா? மாடியில் வாடகைக்கு இருப்பவர்கள் 2022-ல் வந்தார்கள், ஒரு லட்சம் அட்வான்ஸ், அவர்களிடம் சொல்லட்டுமா வேண்டாமா? அப்புறம், ஒருவேளை வீடு ஏலம் போய்க் கடனுக்கு மேல் விலை கிடைத்தால் அந்தப் பணம் யாருக்கு?

கோவை வழக்குரைஞர்

தோட்டத்தைச் சர்பாசியில் தொட முடியாது. அடமானம் வைக்காத சொத்து, அதோடு விவசாய நிலத்துக்கு இந்தச் சட்டமே பொருந்தாது என்று 31-ம் பிரிவில் இருக்கிறது. ஆனால் வீடு விற்றும் கடன் அடையாமல் மீதி நின்றால், அந்த மீதிக்குத் தனியாக வழக்குப் போட்டு மற்றச் சொத்துகள் மேல் வரலாம், கடன் வாங்கியவர் என்ற முறையில் உங்கள் அப்பாவும் நீங்களும் பொறுப்பு.

வாடகைக்காரர்களிடம் சொல்லிவிடுங்கள். அடமானத்துக்கு முன்பே முறையான ஒப்பந்தத்தோடு இருந்தவர்களுக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு, 2022-ல் வந்தவர்களுக்குக் கிட்டத்தட்ட இல்லை. ஆணையர் வந்து நிற்கும் நாளில்தான் அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பது நியாயம் இல்லை. புதிதாக யாருக்கும் வாடகைக்கோ ஒத்திக்கோ விடாதீர்கள், 13(13) ஞாபகம் இருக்கட்டும்.

மிச்சப் பணம் உங்களுக்குத்தான், கடனும் செலவும் போக மீதியை உரியவருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று 13(7)-ல் இருக்கிறது. அது தானாக வரும் என்று காத்திருக்காமல் கணக்குக் கேட்டு எழுத வேண்டும். அதனால்தான் அடிப்படை விலையிலும் ஒரு கண் வையுங்கள். அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளர் சொல்லாமல் விலை வைக்கக் கூடாது, அந்த விலைக்குக் கீழே விற்க உங்கள் சம்மதமும் தேவை. விற்பனைக்கு முன் 30 நாள் நோட்டீஸ் உங்களுக்கு வர வேண்டும், முதல் ஏலத்துக்குப் பேப்பர் விளம்பரத்திலிருந்து 30 நாள் இடைவெளி வேண்டும், ஆள் வராமல் மறு ஏலம் என்றால் 15 நாள் போதும்.

ஓய்வுபெற்ற வங்கியாளர்

நகையை வைப்பதற்கு முன் ஒரு யோசனை. நகைக் கடனும் கடன்தான், அதற்கும் வட்டி ஓடும். ஆர்டர் திரும்பி வரும் என்று நம்பிக்கை இருந்தால் வையுங்கள், இல்லை என்றால் ஓடாத மெஷினில் நாலை விற்றுக் கட்டுவது மேல், ஓடாத மெஷின் விலை மாதாமாதம் இறங்கும். இன்னொன்று, ஐந்து தவணையைப் புரட்டும்போதே ஆறாவது தேதியும் வந்து நிற்கும், அதையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். மாதம் 21,600 இனிமேல் தாங்காது என்றால் நிலுவையைக் கட்டிய கையோடு தவணைக் காலத்தை நீட்டித் தரச் சொல்லி எழுதுங்கள், கொடுப்பார்களா என்பது அவர்கள் இஷ்டம், ஆனால் வாராக்கடனாக இருக்கும்போது கேட்பதைவிட நல்ல கணக்காக இருக்கும்போது கேட்டால் மதிப்பு அதிகம்.

ஓடிஎஸ் என்று ஒன்றை யாராவது சொல்வார்கள், ஒரே தடவையில் குறைத்துக் கட்டி முடிப்பது. அதை உரிமையாகக் கேட்க முடியாது, 2021-ல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. அதோடு சிபிலில் முழுதாகக் கட்டி முடித்தது என்று வராது, சமரசமாக முடித்தது என்று வரும், பிற்பாடு யூனிட்டுக்கு மெஷின் கடன் கேட்டால் அது இடிக்கும். உங்களுக்கு இப்போது அது வேண்டாம்.

பவர்டேபிள்காரன், திருப்பூர்

நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன், இதே நிலைமையில் இருப்பவர்களுக்கு உதவும்.

முந்தின நாள் இரவே அப்பாவிடம் நோட்டீஸை முழுதாகப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இதுக்கா இத்தனை நாள் சாப்பிடாம இருந்தே" என்று மட்டும் கேட்டார். காலையில் அவரும் கிளம்பி வந்துவிட்டார். கிளையில் ஓவர்டியூ விவரம் கேட்டு வாங்கினோம், அபராதம், நோட்டீஸ் செலவு எல்லாம் சேர்த்து 1,31,450. அதில் ஒரு 3,200 ரூபாய் எதற்கு என்று அவர்களுக்கே சொல்லத் தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன் என்றார்கள். நோட்டீஸில் கையெழுத்துப் போட்ட அதிகாரி கோவையில் இருக்கிறார். பஸ் ஏறிப் போய்க் கடிதத்தை நேரில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிவிட்டோம். அந்த 3,200-ஐயும் கடிதத்தில் எழுதியிருக்கிறேன். அவர் கடிதத்தைப் படித்துவிட்டு, "நிலுவை முழுசும் வந்தா மேலே எழுதி நிறுத்தறேன், பாதியா கொண்டு வராதீங்க" என்றார். நீங்கள் சொன்ன அதே வார்த்தை ஐயா.

நாலு மெஷினுக்கு ஒருவர் விலை பேசியிருக்கிறார், வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கொள்வார். குறைவதற்கு மட்டும் ஒரு செயினை வைக்கிறோம். மாடி வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டேன், அவர் ஒரு மாத வாடகையை முன்கூட்டியே கொடுக்கட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பணம் கட்டிய பிறகு வங்கியிடம் என்னென்ன காகிதம் கேட்டு வாங்க வேண்டும்?

ஓய்வுபெற்ற வங்கியாளர்

மூன்று காகிதம். கடன் கணக்கில் பணம் வரவான ரசீது. நிலுவை எதுவும் இல்லை, கணக்கு சீரானது என்று அந்தக் கோவை அதிகாரி கையெழுத்தில் ஒரு கடிதம், அதில் 13(2) நோட்டீஸின் தேதியைக் குறிப்பிட்டு அது திரும்பப் பெறப்பட்டது என்று இருக்க வேண்டும். அப்புறம், கட்டிய மறுநாள் தேதியிட்ட கணக்கு விவரம். வெள்ளிக்கிழமை மாலைக்குள் கட்ட முடிந்தால் கட்டிவிடுங்கள், திங்கள் வரை தள்ள வேண்டாம். அப்பாவை நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.